ஐந்தாவது கேட்

ஐந்தாவது கேட்டைச் சாத்தி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டு எலிஃபாஸ் திரும்பினால், வண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்தாறு வயதாகியும் இந்த ஆளுக்குக் குறும்பு போகவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவன்தான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், வண்டி தாண்டியதும் சாத்த வேண்டும் என்பது பண்ணைச் சாலைகளில் எழுதாத சட்டம். சாத்தியவன் ஏற வரும்போது பத்தடி முன்னால் நகர்த்தி அவனை ஓடவிடுவது அந்தச் சட்டத்துக்கு, வண்டியை ஓட்டிவந்த நண்பர் கொட்லீப் சேர்த்த திருத்தம். காலையிலிருந்து நான்கு கேட்டிலும் அதைத்தான் செய்திருந்தார். எலிஃபாஸும் முட்டி வலியோடு நான்கு முறை ஓடி, நான்கு முறை திட்டியிருந்தார்.

“டேய், போதும்டா! முட்டி பேந்துரும்!”

வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியர் விழும் சத்தம் கேட்டது, பிறகு மூன்றாவது. வளைவில் திரும்பி மறைந்தது. சரி, அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று எலிஃபாஸ் நடந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் சாலை நேராக நாலு கிலோமீட்டர் கிடந்தது. அதில் புழுதி மட்டும்தான் இருந்தது.

அக்டோபர் மாதம், அந்த நாட்டில் வெயில் கொளுத்தும் காலம், மணி பதினொன்று. தண்ணீர், போன், தொப்பி எல்லாம் வண்டியில். பக்கத்தில் இருக்கும் பண்ணை வீடு எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாது. ஒரு மோப்பானி மரத்தடியில் போய் நின்றார். வெயில் ஏறினால் தன் இலைகளை மடித்துக்கொண்டுவிடும் மரம் அது. நிழல் என்று பேருக்குத்தான் இருந்தது.

விளையாட்டு இல்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

கொட்லீப் முப்பத்தோரு வருடம் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் இருந்தவர். தானே ஓட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம் சாவியைக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் பாடம் எடுப்பார். சரளைச் சாலையில் எண்பதைத் தாண்டாதே, திடீரென்று பிரேக்கை மிதிக்காதே, கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. ஊர் உலகமெல்லாம் எபூபா அருவியைப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் போட்டோ காட்டியது. அவர் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் நாம் ரெண்டு பேரும் போகிறோம் என்று எலிஃபாஸிடம் வருடா வருடம் சொல்வார். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துத்தான் புறப்பட முடிந்தது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் கொட்லீப்பின் மனைவி யோஹன்னா, சர்ச் முடிந்ததும் எலிஃபாஸை ஓரமாகக் கூப்பிட்டாள். “அண்ணே, போன மாசம் தனியா வண்டிய எடுத்துட்டு, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ரெஹொபோத்ல போய் நின்னிருக்காரு. கேட்டா, கஸ்டமருக்கு வண்டி குடுக்க வந்தேங்கறாரு. எந்தக் கஸ்டமர்? நான் சொன்னா கேக்க மாட்டாரு, பிள்ளைங்க சொன்னா அடிக்கவே வர்றாரு. நீங்க கூடப் போய்ப் பாருங்க. ஓட்ட முடியலன்னு தோணுச்சுன்னா சாவிய நீங்களே வாங்கிருங்க. உங்க கிட்டதான் குடுப்பாரு.”

எலிஃபாஸ் தலையாட்டிவிட்டார். நண்பன் கனவுப் பயணம் வருகிறான், இவர் வேவு பார்க்க வருகிறார். நேற்று முழுக்கக் கொட்லீப் வழுவழுவென்று ஓட்டினார். இரண்டு இடத்தில் ஊர் பெயர் மறந்தது, அது யாருக்குத்தான் மறக்காது? ஒரே கதையை மூன்று முறை சொன்னார், அது அவன் முப்பது வயதிலேயே செய்வான். இப்படி ஒவ்வொன்றுக்கும் எலிஃபாஸ் ஒரு சமாதானம் வைத்திருந்தார். கேட்டருகே நின்றபோது கையிருப்பு தீர்ந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயமாக இருந்தது, தனக்காகக் கொஞ்சம், எங்கோ தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவனுக்காக நிறைய.

முக்கால் மணி நேரம் கழித்துப் புழுதி திரும்பி வந்தது. வண்டி அவர் பக்கத்தில் நின்றது. கொட்லீப் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“என்ன வாத்தியாரே, ஆடிப் போயிட்டியா? இன்னிக்கி ஓட்டம் கொஞ்சம் நீளம்!”

அதே பழைய சிரிப்பு. ஆனால் சட்டை முழுக்க வேர்வை. எலிஃபாஸ் ஏறி உட்கார்ந்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். திட்ட வேண்டும் போலிருந்தது. வேறொன்றைக் கேட்டார்.

“நான் ஓட்டட்டுமா?”

“நீயா? மார்க்கெட்டுக்குப் போற வழியிலயே ரெண்டு தடவ சுவத்துல முட்டுன ஆளு. சரளைல உன்ன விட்டா ரெண்டு பேருக்கும் சேத்துக் குழி தோண்ட வேண்டியதுதான்.”

பத்து கிலோமீட்டர் போயிற்று. மான் இறைச்சி உப்புக்கண்டப் பொட்டலம் இருவருக்கும் நடுவில் பிரிக்காமல் கிடந்தது. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கொட்லீப் சொன்னார்:

“சீட்டுல ஒரு தொப்பி கெடந்துச்சு.”

“ம்.”

“யாரோ கஸ்டமர் விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். ஆபீஸ்ல குடுத்துரலாம்னு எடுத்தேன். உள்ள உன் பேரு எழுதியிருந்துச்சு.” ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்தார். “அப்பவும் உடனே வெளங்கல, எலிஃபாஸ்.”

எப்போதும் ‘வாத்தியார்’தான்; அவர் பெயரைச் சொல்லிக் கொட்லீப் கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று! அதுதான் எலிஃபாஸை உடைத்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவ உன்ன எதுக்கு அனுப்பிச்சான்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சாவிய வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பா.”

“ஆமா.”

“குடுத்துர்றேன். எபூபா பாத்துட்டுக் குடுத்துர்றேன். இன்னும் ரெண்டு நாள்தான? அதுவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் சொல்லாத.” குரல் கெஞ்சியது. எலிஃபாஸ் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. “நான் சொன்ன பாடத்தக் கேட்டுட்டு எத்தன ஆயிரம் பேரு போய்ப் பாத்துட்டானுங்க. ரெண்டே நாள்.”

சரி என்று சொல்லவும் முடியவில்லை, முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. ரெண்டு நாளில் மனிதன் அறுநூறு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மாடு குறுக்கே வரும். எதிரே பிள்ளைகளை ஏற்றிய வண்டி வரும். அடுத்த கேட்டில் எலிஃபாஸ் இறங்கும் முன் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். திறந்துவிட்டுத் திரும்பி வந்து கொடுத்தார். சாத்தப் போகும்போது மறுபடி கேட்டு வாங்கினார். கொட்லீப் மறுபேச்சு இல்லாமல் நீட்டினார். நாற்பது வருட நட்பில் இவ்வளவு கேவலமாக எலிஃபாஸ் தன்னை உணர்ந்ததில்லை.

வழியில் கமஞ்சாப் என்ற சிற்றூரில் டீசல் போட நிறுத்தினார்கள். எலிஃபாஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர் வாங்கக் கடைக்குள் போனார். வரிசையில் நின்றபோதே முடிவு செய்துவிட்டார். யோஹன்னாவிடம் சொல்லிவிடுவது. ஒரு டிரைவரை அனுப்பச் சொல்வது. பின் சீட்டில் உட்கார்ந்தாவது அவன் அருவியைப் பார்க்கட்டும். கோபப்படுவான், வருடக்கணக்கில் பேச மாட்டான், பரவாயில்லை. பையிலிருந்த போனுக்குச் சிக்னல் கிடைத்து மளமளவென்று ஒலித்தது. நேற்றிலிருந்து யோஹன்னாவின் ஏழு அழைப்புகள். அவர் வண்டியை நெருங்கும்போது எட்டாவது வந்தது.

கொட்லீப் ஜன்னல் வழியே டீசல் பம்ப் பெண்ணிடம் அவளுடைய பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நண்பர் கையில் அடிக்கும் போனைப் பார்த்தார்.

“யோஹன்னாவா?”

எலிஃபாஸ் தலையாட்டினார்.

“எடு. பேசு. நான் ஒண்ணும் சொல்லல.”

சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டார். இடது புறங்கையில், நரம்புகளின் மேல் ஏறி இறங்கி, அழுத்தி இரண்டு முறை ஓட்டிய நீல எழுத்தில் இருந்தது: வாத்தியார் கூட வர்றான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.