வலக்கைப்பக்கம் சிறுமலை

பழனிக்கு நடந்த கால் என்னுடையது. நடக்கிற ஆசை மொத்தமும் என் பெண்டாட்டி அன்னக்கொடியுடையது. செல்லூரிலிருந்து பதினோரு தைப்பூசத்துக்கு நடந்திருக்கிறேன். பதினோரு தடவையும் என்னைத் தயார் செய்து அனுப்பியது அவள்தான். மார்கழி பிறந்தால் போதும், நான் தறியை விட்டு வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெயைச் சூடாக்கி என் உள்ளங்காலில் தேய்ப்பாள். மஞ்சள் பையில் ஒரு வேட்டி கூடுதலாக வைத்தால் பிடுங்கிவிடுவாள். வாடிப்பட்டி தாண்டினால் அந்த ஒரு வேட்டியே மூட்டையாகக் கனக்கும் என்பாள், ஏதோ தானே சுமந்து பார்த்தவள் மாதிரி. வடக்கே சமயநல்லூரைத் தாண்டாதவள் அவள்.

திரும்பி வந்தால் பிரசாதத்தை வாங்கி வைத்துவிட்டு வழியைத்தான் கேட்பாள். எங்கே நல்ல தண்ணீர், எந்த இடத்தில் புளியமரம் முடிந்து தார் சுடும், சிறுமலை எந்தக் கைப்பக்கம் வரும். வலக்கைப்பக்கம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன். அடுத்த வருஷமும் அதையே கேட்பாள். மலை என்ன இடம் மாறியா நிற்கும் என்று கத்தியிருக்கிறேன். அவள் கேட்டது மலையை இல்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அவளால் வர முடியாததற்குக் காரணம் ஒன்றா இரண்டா. முதலில் பிள்ளைகள் சிறுசு. பிறகு எங்கம்மா படுத்த படுக்கை. எல்லாம் சரியென்று மாலை போட நினைத்தால் மாசத்து மூணு நாள் குறுக்கே நிற்கும். எண்பத்து மூன்றாம் வருஷத் தைக்குத்தான் எல்லாம் கூடி வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, அம்மாவும் போய் நாளாச்சு, மாசத் தொல்லையும் நின்றுவிட்டது. கார்த்திகையிலேயே மாலை போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் செருப்பில்லாமல் அழகர்கோயிலுக்கு நடந்து பழகினோம். முதல் வாரம் புதூர்கூடத் தாண்டவில்லை, கொப்புளம். நாலாவது வாரம் எனக்கு முன்னால் போய் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டு, பதினோரு வருஷ சாமிக்கு மூச்சு வாங்குதோ என்று கேட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, நடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவாள். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பழனிக்குப் புறப்படும் நாள் வந்தது. மத்தியானம் கூட்டம் கிளம்புகிறது. அன்று காலையில் நான் டீக்கடையில் இருந்தேன். அவள் எதிரே குழாயடியில் குடத்தோடு நின்றாள். சொந்த ஊரிலிருந்து என் பங்காளி கருத்தக்கண்ணன் வந்தான். டீ சொன்னேன். வேண்டாம் என்றான். எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் கேதம் சொல்ல வருகிறவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். என் பெரியப்பா மகன் உக்கிரபாண்டி போய்விட்டார், திருப்பூரிலிருந்து மகன் வந்ததும் நாளைக் காலையில் எடுக்கிறார்கள் என்றான்.

பங்காளி சாவென்றால் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. கேட்ட காதுக்குத்தான் தீட்டு. சேதி எட்டாதவருக்கு இல்லை. நான் கேட்டாயிற்று. அவள் இன்னும் கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, வீட்டுக்கு வராத. இந்தச் சேதி என்னோட நிக்கட்டும். சாயங்கால பஸ்ஸுக்கு நான் வாரேன்."

வீட்டுக்குப் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். முதலாளி லீவு இல்லை என்றுவிட்டார், நீ மட்டும் போய் வா என்றேன். ஏன், எதற்கு என்று குடைவாள் என்று பயந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள். அவளுக்கு ஒரு சேலை கூடுதலாக வைத்திருந்தேன். அதை எடுத்து வெளியே போட்டாள்.

விளாங்குடி வரைக்கும் கூடப் போய், குருசாமி அழகுமலையிடம் ஒப்படைத்துவிட்டு நின்றேன். பச்சைச் சேலைகளுக்குள் அவள் சேலை எது என்று தெரியாமல் போகும் மட்டும் பார்த்தேன். பிறகு ஊருக்குப் போய்க் கிணற்றடியில் மாலையைக் கழற்றி, மொட்டை போட்டுக்கொண்டு, அண்ணனை அனுப்பிவிட்டு வந்தேன்.

மீதி நாளெல்லாம் தறியில் நின்றேனே தவிர, நான் அங்கே இல்லை. இப்போது கொடைரோடு, இப்போது சின்னாளபட்டி என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கால் நமநமவென்று அரித்தது. ஒரு மனுஷிக்குப் பதினோரு வருஷம் இப்படித்தான் அரித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் வந்தாள். பாதம் வெடித்து, முகம் கறுத்திருந்தது. என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். பையைத் திறந்தால் பஞ்சாமிர்தம் இல்லை, திருநீறு இல்லை.

"பிரசாதம் எங்க?"

"மலை ஏறல. எல்லாரையும் அனுப்பிட்டு அடிவாரத்துலயே உக்காந்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கால்களை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்குக் குழாயடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கருத்தக்கண்ணன் அம்புட்டுத் தூரம் வந்துட்டு டீய வேணாம்னாரு. உங்க முகம் செத்துப்போச்சு. யாருன்னு தெரியல. கேட்டா நீங்க சொல்லிருவீங்க, அதான் கேக்கல."

தெரிந்துமா போனாய் என்று கோபம் பொங்கியது. நான் பொய் சொல்லி அனுப்பி வைத்தது இதற்காகவா என்று வாய்வரைக்கும் வந்தது.

"மலைக்குத்தாங்க தீட்டு. ரோட்டுக்கு ஏது தீட்டு?" என்றாள். "எனக்கு நடக்கணும்னுதான் இருந்துச்சு."

நான் எழுந்து போய் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்தேன். அவள் வழியைச் சொல்ல ஆரம்பித்தாள். ரெட்டியார்சத்திரம் தாண்டினால் பெரிய மலை ஒன்று கூடவே நடந்து வருகிறதாம், ஒட்டன்சத்திரம் போகிற மட்டும். இத்தனை வருஷத்தில் அதை நீங்கள் சொன்னதே இல்லையே என்றாள். எனக்கு அந்த மலை நினைவிலேயே இல்லை. பதினோரு வருஷமும் குனிந்த தலை நிமிராமல் நடந்திருக்கிறேன்.

எந்தக் கைப்பக்கம் வரும் என்று கேட்டேன். இடக்கைப்பக்கம் என்றாள்.

மறுநாளும் கேட்டேன்.