எண்ணிக்கை நாள் பீட்சா

“உங்க குரல்ல தேன் ஒழுகுது மிஸ் வெர்டெல். கேட்டா நானே வந்து ரெண்டாம் கிளாஸ்ல உக்காந்துடுவேன்.”

திரையில் கிப் சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஏரி. அது படமா நிஜமா என்று வெர்டெலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“உன் உசரத்துக்கு எங்க பெஞ்சு தாங்காதுப்பா” என்றாள்.

அமெரிக்காவில் சாகினா ஊரின் அந்தச் சார்ட்டர் பள்ளி கொரோனாவால் மார்ச் மாதம் மூடியது. செப்டம்பர் முடியப் போகிறது, இன்னும் திறக்கவில்லை. ஆபீசுக்கு வருகிறவள் வெர்டெல் ஒருத்திதான். ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போடுவாள். வரவு செலவைப் பார்த்து, திரையில் பாடம் நடத்தவும் வழி செய்யச் சொல்லி நிர்வாகக் குழு ஒரு கம்பெனியை வைத்திருந்தது. அந்தக் கம்பெனியின் ஆள்தான் கிப்.

நடத்துகிறவர்கள் தனியார் என்றாலும் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருவது அரசாங்கம். அந்தத் தலைகளை எண்ணுவதற்கென்று அக்டோபரில் ஒரு புதன்கிழமை உண்டு. மற்ற வருஷங்களில் அன்றைக்குச் சீருடை வேண்டாம், மத்தியானம் பீட்சா. பீட்சா கிடைக்குமே என்று காய்ச்சல்காரப் பிள்ளைகூட வந்துவிடும். இந்த வருஷம் வர இடமில்லாததால், பிள்ளை திரையில் முகத்தைக் காட்டி, பேர் சொன்னதும் ஒரு சத்தம் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். பீட்சா வீட்டுக்கே போகும்.

“ஒரு சின்ன வேலை, மிஸ் வெர்டெல். நீங்க பேசறதை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. உங்களுக்கு முடியாத நேரத்துல மெஷின் கூப்பிடட்டும். தொண்டைக்கும் ஓய்வு.”

வெர்டெலுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் கணவனுக்குப் போட்டுக் காட்டினாள்.

“ஹலோ கண்ணு, நான் ஸ்கூல்லேருந்து மிஸ் வெர்டெல். உன்னைக் காணாம பெஞ்சு அழுவுது. திரையைத் திற, முகத்தைக் காட்டு பாக்கலாம்.”

“என்னை இப்படிக் கண்ணுன்னு கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு?” என்றான் கிளெமென்ட்.

“நீ எந்த ஸ்கூல்ல படிக்கிறே, உன்னைக் கூப்பிட?”

அவன் சிரித்தான், உடனே மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் சரியாகப் பொருத்திவிட்டாள். அந்தக் குழாய்க்கும் மருந்துக்கும் அவளுடைய வேலையின் இன்சூரன்ஸ்தான் துணை.

அந்த வாரக் கடைசியில் கிப் கேட்டான்: “டேவியன்னு ஒரு பையன். ஒருநாள்கூட திரைக்கு வரலையே?”

“ஒலீத்தா மகன். ஒம்பது வயசு, பேச்சு வராது. பாட்டு மட்டும் முனகுவான். பக்கத்துலயே ஒரு டீச்சர் இருக்கணும். மிஸ் காலோவே இருந்தாங்க, நீங்கதான் ஆகஸ்ட்ல நிறுத்திட்டீங்க.”

“புதன்கிழமை அவன் முகம் வேணும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் தேடாதீங்க. அவனால வர்றதைவிட அவனுக்கு ஆகிறது அதிகம். தேடாம விட்டா பேரு பட்டியல்லேருந்து தானா விழுந்துடும். ஆனா எண்ணின தலை எண்ணினதுதான்.”

“அவ அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“உங்களுக்கா சொல்லித் தரணும்? அந்தத் தேனை எதுக்கு வெச்சிருக்கீங்க?” கிப் ஒரு மிடறு காபி குடித்தான். “ஆபீசுக்கு ஒரு ஆளாவது வேணுமான்னு போர்டு கேக்குது. புதன்கிழமை நல்லபடியா போச்சுன்னா உங்களுக்காக நான் பேசறேன்.”

ஒலீத்தாவும் வெர்டெலும் ஒரே தேவாலயத்துப் பாட்டுக் குழு. பெரியவள் வெர்டெல் என்பதால் ஒலீத்தாவுக்கு அவள் அக்கா.

“அடியே, கையில வேலையா இருக்கியா?”

“ஒரு கிழவரைக் குளிப்பாட்டிட்டிருக்கேன் அக்கா. சீக்கிரம் சொல்லு, மனுஷன் சோப்போட மொறைக்கிறாரு.” ஒலீத்தாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

“புதன்கிழமை காலைல டேவியன் திரை முன்னால உக்காரணும்.”

“யாரு, என் பிள்ளையா? கம்ப்யூட்டரைத் தெறந்தாலே காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிடறான்!”

“அதுக்குத்தான் நீ கூட இருக்கணும்.”

“ஐயோ அக்கா, கொரோனால இங்க பாதிப்பேர் வரலை. லீவுன்னு கேட்டா அப்படியே வீட்டுக்குப் போன்னுடுவாங்க.”

“வியாழக்கிழமைலேருந்து மிஸ் காலோவே திரைல வர்றாங்கடி. அவனுக்குன்னே, தினமும்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது வெர்டெலின் காதிலேயே விழுந்தது.

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. “நெசமாவா? சத்தியமா?”

“உன்கிட்ட நான் எப்போடி பொய் சொல்லியிருக்கேன்?”

அதுவரைக்கும் சொன்னதில்லைதான்.

புதன்கிழமை திரையில் ஒலீத்தா இருந்தாள், டேவியன் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து அவன் ஷூ முனை மட்டும் தெரிந்தது. டீச்சர் இரண்டு முறை பேர் சொல்லிவிட்டாள். ஓரத்தில், கேமராவை மூடி வைத்திருந்த கிப்பின் கறுப்புக் கட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வெளிய வாடா ராசா. அம்மா வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்டா” என்று கெஞ்சினாள் ஒலீத்தா.

டேவியனை எது இழுக்கும் என்று வெர்டெலுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் குழு தொண்டையைச் சரிசெய்துகொள்ள ஒரே சுரத்தை இழுக்கும்போதெல்லாம், முன் வரிசையில் உட்கார்ந்து அவனும் கூடவே முனகுவான். வெர்டெல் மைக்கைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடித்தாள்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழும்பியது. திரை முழுக்க டேவியனின் மூக்கும் பல்லும். அவளோடு சேர்ந்து முனகினான், சிரித்தான், மறுபடி முனகினான்.

“எழுதிக்கோங்க” என்றது கறுப்புக் கட்டம்.

மத்தியானம் ஒலீத்தா கூப்பிட்டாள். “பீட்சா வந்துச்சு அக்கா. மேல இருந்த சீஸை மட்டும் நக்கிட்டு எனக்கு ரொட்டியை விட்டுவெச்சிருக்கான் கள்ளன்! நாளைக்கு மிஸ் காலோவே எத்தனை மணிக்கு?”

“சொல்றேன்டி.”

வியாழக்கிழமை போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். வெள்ளிக்கிழமையும் விட்டாள். அதற்கடுத்த வாரம் ஒலீத்தா நேரிலேயே வந்து ஆபீசின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

“உள்ள விடக் கூடாதுடி, கொரோனா” என்றாள் வெர்டெல், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

“நான் விருந்துக்கா வந்தேன்? அன்னைக்கு லீவு போட்டேன்ல, என் ஷிஃப்டை வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டாங்க. அது கெடக்கட்டும். காலையில எழுந்தா இவன் கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்துக்கறான் அக்கா, தானாவே! மேசைக்கடியில போறதே இல்லை. டீச்சரைத்தான் காணோம்.”

“ஏதோ நெட் கோளாறு. அடுத்த வாரம் பாக்கலாம்.”

அடுத்த வாரம் பட்டியலிலிருந்து டேவியன் பேர் விழுந்தது. பள்ளிக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடு என்று கம்பெனியிலிருந்து செய்தியும் போனது. ஒலீத்தா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அக்கா. அன்னைக்குப் பாடினியே, அப்பவே உனக்குத் தெரியுமா?”

“எனக்கு மேல இருக்கறவங்க சொன்னா நான் என்னடி…”

“மேல இருக்கறவங்களை நான் கேக்கலை.”

வெர்டெல் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். துடைத்து நிமிர்ந்தபோது ஒலீத்தா இல்லை.

நவம்பரில் கிப் ஏரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“போர்டுக்கு ரொம்ப சந்தோஷம் மிஸ் வெர்டெல். மெஷின் கூப்பிட்டா எல்லாரும் எடுக்கறாங்க. உங்க குரலுக்கு அவ்வளவு மதிப்பு! இனி போன் வேலை பூராவும் மெஷின்தான்.”

“அப்ப நான்?”

“இந்த மாசம் முடியறவரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு.”

“எனக்காகப் பேசறேன்னியே.”

“பேசினேனே! இல்லேன்னா போன மாசமே முடிஞ்சிருக்கும்.”

“என் குரலையாவது திருப்பிக் குடு.”

“அது நீங்க எங்களுக்குக் குடுத்ததுல்ல?” என்றான். கேட்டதே வேடிக்கை என்பதுபோல் சிரித்தான்.

மக்ரோனியும் சீஸும் ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்து எடுத்துக்கொண்டு வெர்டெல் ஒலீத்தா வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று கிளெமென்ட்டிடம் சொல்லியிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்கும் எண்ணமும் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

சங்கிலியை எடுக்காமலே ஒலீத்தா கதவைத் திறந்தாள்.

“சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. அஞ்சு ஆச்சு.”

உள்ளே போன் அடித்தது. டேவியன் ஓடிவந்து எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டான்.

‘ஹலோ கண்ணு, நான் ஸ்கூல்லேருந்து மிஸ் வெர்டெல்…’

“பேரை எடுத்தவங்க நம்பரை எடுக்க மறந்துட்டாங்க” என்றாள் ஒலீத்தா. “தினமும் வருது. நானும் நிறுத்தச் சொல்லலை. அவனுக்கு ஸ்கூல்னு மிச்சம் இருக்கறது இதுதான்.”

‘உன்னைக் காணாம பெஞ்சு அழுவுது. திரையைத் திற, முகத்தைக் காட்டு பாக்கலாம்.’

டேவியன் மேசையருகே போனான். கம்ப்யூட்டர் இருந்த இடத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், பல் தெரியக் காட்டினான்.

வெர்டெல் கதவிடுக்கில் வாயை வைத்தாள். “டேவியன்! நான் இங்க இருக்கேன் கண்ணு. இங்க பாரு!”

அவன் திரும்பினான். சத்தம் போடாதே என்று அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு போனுக்குக் காதைக் கொடுத்தான்.

“பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு அக்கா. பிள்ளை ஸ்கூல்ல இருக்கான்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டேவியன் அந்தச் சுரத்தை முனகினான். கொஞ்சம் நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, மறுபடி முனகினான்.