மூன்று பாலும் ஒரு சுறாவும்

பேபிக்கு எந்தப் பால் கொடுப்பது என்று முடிவு செய்ய, ரோச் வீட்டில் ஒரு வாரமாகப் பெரிய மாநாடே நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை வயதுக்காரியான பேபிக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அம்மா பிளாரன்ஸின் மடியைப் பார்த்து நேராக நடந்து வந்துவிடுவாள்.

அங்கேதான் சிக்கல். பிளாரன்ஸுக்கு வருகிற திங்கட்கிழமை முதல் கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பயிற்சி முடித்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்று, இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று கைகழுவியிருந்த வேலை. "பிள்ளை பால் மறந்தாச்சா?" என்று பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் கேட்டபோது, "ஆச்சு மதர்" என்று கூசாமல் புளுகிவிட்டு வந்திருந்தாள். மறக்கவில்லையென்றால் அந்த வேலைக்கு வேறொருத்தி தயாராக நிற்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வேப்பிலையை அரைத்துத் தடவிப் பார்த்தாள். பேபி ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், கையாலேயே வழித்துப் போட்டுவிட்டுக் குடித்தாள். சாமர்த்தியக்காரி! சரி, வேறு பாலைப் பழக்கினால் இதை மறப்பாள் என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனார் ஹில்டாதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள். அவள் ஆட்டுப்பால் கட்சி. "எம் பயலுவ எல்லாம் ஆட்டுப்பால் குடிச்சுத்தான்ளா இப்படி நிக்கானுவ" என்பாள். அவள் பயல்களைப் பார்த்தவர்கள் அதை எதிர்த்துப் பேச மாட்டார்கள். பிளாரன்ஸின் புருஷன் ரோச்சுக்குப் புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் வேலை. கப்பல் சமையல்காரன் ஒருவன் கொடுத்த பால்பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தையைக் காட்டினான். "கன்னத்தப் பாத்தியா, கன்னத்த!" எதிர்வீட்டு நர்ஸ் ஞானபாய் நாசரேத்துக்காரி, கண்டிப்பானவள். "ஆடும் வேண்டாம், டின்னும் வேண்டாம். பசும்பால் கொடுங்க. நல்லாக் காய்ச்சிக் கொடுங்க" என்றாள்.

பேபி மூன்று கட்சிக்கும் ஓட்டுப் போடவில்லை. ஆட்டுப்பாலை ஹில்டாவின் முகத்திலேயே துப்பினாள். டின்பாலைப் பூனைக்கு ஊற்றினாள். பசும்பாலுக்கு வாயையே திறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பசும்பாலில் பாதி தரையில் கிடந்தது. பிளாரன்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பிள்ளைக்குத் தன் பால் கொடுக்காமல் மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள்.

அந்நேரம் பார்த்து மறுபக்கத்து வீட்டு மனுவேல் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பினார். பிளாரன்ஸ் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பேபி பால கொட்டிட்டா. மிச்சம் பத்தாது. வரும்போது பால் வாங்கிட்டு வரணும்னு அவுககிட்டச் சொல்லிருங்க."

மனுவேல் நல்ல மனுஷன்தான். ஆனால் வெயிலில் அத்தனை தூரம் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சேதி பாதியாகச் சுருங்கிவிட்டது. "ஏலே ரோச்சு, பேபிக்குப் பால் பத்தலியாம். ஒன்ன வாங்கிட்டு வரச் சொல்லுதா."

கடற்கரையில் ஒரு ஆம்பிளையிடம் பிள்ளைக்குப் பால் பத்தவில்லை என்று சொன்னால் அவன் மாட்டைத் தேடிப் போக மாட்டான், மீனைத் தேடித்தான் போவான். பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டுமா, பால்சுறா வாங்கு, புட்டு செய்து கொடு. அவ்வளவுதான் வைத்தியம்! ஐயோ பாவம், பிள்ளையைக் காயப்போட மனசில்லாமல் வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டாள்போல, மறுபடியும் பால் கொடுக்கிறாள், ஊறவில்லை என்று ரோச் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டான். நெஞ்சு இளகிப்போய், தருவைகுளத்து வள்ளத்தில் வந்த நல்ல சுறா ஒன்றைப் பார்த்து வாங்கினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுறாவைக் கீழே வைத்துவிட்டு, பெண்டாட்டியின் தோளைத் தட்டினான். "போவட்டும்ளா. வேலை என்ன பெரிய வேலை? நாஞ் சம்பாதிக்கேன்லா."

பிளாரன்ஸ் சுறாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மாதாவே! நா எப்பம் வேலைய விட்டேன்? பால் வாங்கிட்டு வரச் சொன்னா பால்சுறாவயா வாங்கிட்டு வருவீக? நா நிறுத்தணும்னு கெடந்து தவிக்கேன், நீங்க ஊற வைக்கப் பாக்கீகளே!"

அங்கே இருந்த ஹில்டா சிரித்த சிரிப்பில் ஞானபாய் எதிர்வீட்டிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். ரோச்சின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் நல்ல சுறாவை என்ன செய்வது? ஹில்டா குசினிக்குள் புகுந்து, அவித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டுப் புட்டைக் கிண்டி இறக்கினாள். வாசனை தெருமுனைவரை போயிற்று.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். "நாந் தொட மாட்டேன். இதத் தின்னுட்டுத் திங்கக்கெழம ரவிக்கை நனைஞ்சு போயா பாடம் நடத்த?"

தள்ளி வைத்த தட்டு பேபிக்கு எட்டியது. மீன் என்றால் அவளுக்கு உயிர். ஒரு கைப்பிடி அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்த கணம் மிளகுக்காரம் ஏறி முகம் சிவந்தது. வீடே அதிர அலறினாள்.

பிளாரன்ஸின் கை தானாக ரவிக்கைக்குப் போயிற்று. "குடுளா, குடு" என்று ரோச் பதறினான். கொடுத்தால் தீர்ந்தது கதை, திங்கட்கிழமை வேலை போயிற்று. கொடுக்காவிட்டால் பிள்ளை கதறுகிறதே! ஒரு நொடி தவித்துவிட்டு, வேலையாவது மண்ணாவது என்று கொக்கியைக் கழற்றப்போனாள்.

அதற்குள் பேபி பக்கத்திலிருந்த செம்பை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள். மடக்மடக்கென்று குடித்தாள். மூச்சு வாங்கினாள், மறுபடியும் குடித்தாள். யாரும் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

"அதுல என்ன பால் அக்கா?" என்றான் ரோச் மெதுவாக.

ஹில்டா திருதிருவென்று விழித்தாள். "உறை ஊத்தலாம்னு மிஞ்சுன மூணு பாலையும் ஒண்ணா ஊத்தி வச்சேன்லே!"

போதாதா! ஆட்டுப்பால் வாசனைக்குத்தான் குடித்தாள் என்றாள் ஹில்டா. டின்பால் இனிப்புக்குத்தான் என்றான் ரோச். "அதில் பசும்பால்தான் அதிகம், பார்த்தாலே தெரியுதே" என்றாள் ஞானபாய். மூன்று பேரும் காலிச் செம்பை வாங்கி வாங்கி மோந்து பார்த்தார்கள்.

பேபி அம்மாவின் மடியில் ஏறினாள். பிளாரன்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளையின் கை ரவிக்கைப் பக்கமே வரவில்லை. நெஞ்சில் கன்னத்தை வைத்து, ஒரு ஏப்பம் விட்டு, அப்படியே கண்ணை மூடிவிட்டாள். பிளாரன்ஸுக்குப் பால் கட்டி மார் விண்விண்ணென்று வலித்தது. சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது, கண்ணீரும் நிற்கவில்லை.

"இப்பம் என்னத்துக்கு அழுத? வேலைக்குப் போவாண்டாமா?" என்றான் ரோச்.

"போவேன், போவேன். கண்டிப்பாப் போவேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவினாள். "இருந்தாலும், ஒரு தடவையாவது என்னயத் தேடியிருக்கலாம்ல இவ."