இருட்டிலும் வந்த குமிழி

ஆய்வகத்தில் பேராசிரியருக்குச் சூரியர் என்று பெயர். தண்ணீருக்குள் ஒரு தகட்டை வைத்து வெயில் காட்டினால் ஹைட்ரஜன் வரும், அதை வைத்து உலகமே வண்டி ஓட்டும் என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்தார். தண்ணீர் அசைந்து கொடுக்கவில்லை. போன மாதம் புதுத் தகடு ஒன்று வந்தது. குமிழி குமிழியாகக் கிளம்பியது. சூரியருக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில்தான் காரணமா என்று ஒருமுறை இருட்டில் வைத்துப் பார்ப்பது பள்ளிக்கூடப் பாடம். படிப்பு ஏற ஏற அதெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

புதன்கிழமை கண்ணாடிக் கூரையைத் துடைக்கும்போது, தூசி விழாமலிருக்க உதவியாளராக இருந்தவள் தகடு வைத்த தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினாள். துணியை எடுத்தபோது குமிழிகள் சளைக்காமல் வந்துகொண்டிருந்தன. தகட்டை எடுத்து எடை போட்டாள். குறைந்திருந்தது. தண்ணீர் தகட்டை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. வந்தது ஹைட்ரஜன்தான், சூரியனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"சார், தகடு கரையுது. வெயிலே வேண்டாம் இதுக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நாளைக்கு ஆய்வுக் குழு வருது. வெள்ளிக்கிழமையோட உன் வேலை முடியுது. நீட்டிக்கிறது அவங்க கையிலதான் இருக்கு."

வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். கணவனுக்கு வேலை போய் நாலு மாதம். அவனிடம் சொன்னாள்.

"பொய்ய வச்சுக்கிட்டு உனக்குத் தூக்கம் வராது. சொல்லிடு, பாத்துக்கலாம்" என்றான்.

மறுநாள் குழு வந்தது. சூரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தொட்டிமேல் துணியைப் போட்டாள். சற்றுப் பொறுத்து விலக்கினாள்.

"பாருங்க. இருட்டுலயும் வருது. தகடு கரையறதாலதான்."

சூரியருக்கு ஒரு நொடிதான் முகம் வெளுத்தது.

"இதைக் கடைசியா சொல்லலாம்னு வச்சிருந்தேன். இருட்டுலயும் வேலை செய்யற சூரிய சக்தி. உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"தகடு கரையுதுங்கறாங்களே?" என்றார் குழுத்தலைவர்.

"சின்னக் கோளாறு. போகப்போகச் சரியாயிடும்."

தலைவர் முதலில் கைதட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தட்டினார்கள்.

மாலையிலேயே உத்தரவு வந்தது. அவளுக்கு மூன்று வருட நீட்டிப்பு, இருட்டுப் பிரிவுப் பொறுப்பாளர் என்று புதுப் பதவி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, யாரும் பார்க்காதபோது, தகடு மாற்ற வேண்டும். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. இருந்தாலும் தாளை மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த கணவன், "உண்மையச் சொன்னியா?" என்றான்.

"சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

"கைதட்டுனாங்க."