பதிவேட்டில் இருந்த சாராள்

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். பக்கத்துச் சிலுவைகளில் புருஷன் பெயரும் பெண்டாட்டி பெயரும் ஜோடியாக இருக்கும். எங்கம்மா முத்தம்மா மட்டும் ஒண்டியாகக் கிடக்கிறாள். அப்பா சின்னராசு 1942இல், எனக்கு மூன்று வயதில், கும்மிடிப்பூண்டியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர், திரும்பவில்லை. செத்த தேதி தெரிந்தால்தான் சிலுவையில் அவர் பெயரையும் எழுதலாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார்.

பட்டாள ஆபீசுக்கு நான் எழுதாத கடிதம் இல்லை. 1971இல்தான் பதில் வந்தது. அப்பா சண்டையில் சாகவில்லையாம். இடது கால் போய், பென்ஷன் வாங்கியிருக்கிறார். மற்ற விவரம் பொன்னேரி கருவூலத்தில் இருக்கிறதாம்.

கருவூலத்துக் குமாஸ்தா பூவராகவன் நல்ல மனுஷன். பதிவேட்டைப் பிரித்து வரிவரியாகக் காட்டினார்.

"நாப்பத்தேழுல கோலாரு. அப்புறம் அரக்கோணம். அறுபத்தொண்ணுல இங்க மாத்திக்கினு வந்துக்கிறாரு. அறுபத்தெட்டுல ஆளு செத்து பென்ஷன் நின்னுபோச்சு. தேதி இதுல இல்லம்மா."

பொன்னேரி! எங்கள் ஊருக்கு ரயிலில் அரை மணி நேரம். அம்மா அறுபத்து நாலில்தான் செத்தாள். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு மனுஷன் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

1961ஆம் வருஷக் குடும்ப விவரத்தில் 'மகள்: சாராள்' என்று இருந்தது. என் பெயர்! என்னை மறக்கவில்லையே என்று அழுதே விட்டேன். அப்புறம்தான் பக்கத்தில் வயதைப் பார்த்தேன். பதினாலு. அந்த வருஷம் எனக்கு இருபத்திரண்டு.

அப்படியென்றால் இது அவருடைய இன்னொரு மகள். அப்பாவை எடுத்துக்கொண்டாள், போகட்டும். என் பெயரையுமா?

முகவரி வாங்கிக்கொண்டு நேரே போனேன். அரிசி மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அவளே கதவைத் திறந்தாள்.

"நான் சின்னராசுவோட மூத்த மக. அவரு செத்த தேதி வேணும், எங்கம்மா கல்லறையில எழுதணும்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "கும்மிடிப்பூண்டி சாராளா?"

"ஆமா. எம்பேர எதுக்கு உனக்கு வெச்சாரு?"

"நானா கேட்டு வாங்கிக்கினேன்?" என்று சீறினாள். "ஊட்டுல என்னிய பாப்பான்னுதான் கூப்புடுவாரு. கிறிஸ்மசுக்குக் குடிச்சிட்டாருன்னா 'சாராள், சாராள்'னு கத்துவாரு. இன்னா நைனான்னு ஓடுவேன். 'நீ இல்ல, போ'ன்னுவாரு. சாவுறப்பவும் அதான் சொன்னாரு. உன்ன ஒரு தபா பாத்து நாலு அறை வுடணும்னு இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதியைச் சொன்னாள். "ஜூலை பதினொண்ணு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பொய் சொல்வானேன், ரயில் ஏறும்வரை எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் கூப்பிட்டது என்னைத்தான். பாதி வழியில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வந்தபோதுதான் உறைத்தது. அவளை நானும் சாராள் என்று கூப்பிடவில்லை.