இரண்டு விரல் இடைவெளி

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் இசபெல் மிஸ் ஜபாரின் வலது தோளைத் தடவினார். தோள் முனைக்கும் கையெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம். இரண்டு விரல்கள் தாராளமாக இறங்கின.

“போன மாசம் ஒரு விரல்தான் போனது,” என்றார். “யாரோ இந்தக் கையை இழுக்கிறாங்க.”

மகள் மபாஸா வாப்பாவைப் பார்த்தாள். ஜபார் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

“ஒருத்தரும் இழுக்கல்ல மிஸ்,” என்றாள் மபாஸா. “குளிப்பாட்டக்குள்ளயும் முழங்கையைத் தாங்கித்தான் புடிக்கிறம்.”

“பட்டி?”

“நடந்தாப் போடுறார். இருந்தாக் கழட்டித் தலையணைல கையை வைக்கிறம்.”

பாரிசவாதம் வந்து நான்கு மாதம். ஜபாருக்குக் கால் திரும்பிவிட்டது. நாக்கும் திரும்பிவிட்டது, உம்மாவோடு முன்போலவே சண்டை பிடித்தார். கை மட்டும் வரவில்லை. விரல்கள் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். தோளைப் பிடித்து வைக்கும் தசைக்குப் பலம் இல்லையென்றால் கை தன் பாரத்தாலேயே மூட்டை விட்டு இறங்கும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் நீலத் துணிப் பட்டி கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்கக் கட்டி வைத்தாலும் மூட்டு இறுகிவிடும். நிற்கும்போது போட்டு, உட்காரும்போது கழற்ற வேண்டும்.

“பதினொரு நாளையில என்ட நிக்காஹ், மிஸ்,” என்றாள் மபாஸா. “வாப்பாதான் வொலி.”

இசபெல் சிலாபத்துக் கத்தோலிக்கப் பெண். “வொலி என்ன செய்யணும்?”

“மாப்பிள்ளைட வலது கையைத் தன்ட வலது கையால புடிக்கணும். புடிச்சுக்கொண்டு, என்ட மகளை உங்களுக்குத் தந்தேன்னு சொல்லணும்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம்.”

இசபெல் யோசித்தார். “அடுத்த புதன் வாங்க. பட்டியோட ஒரு விரலுக்கு வந்திருக்கணும். வரல்லயோ, வேற ஆளைப் புடிக்கச் சொல்லுங்க. இன்னும் இழுபட்டா அவருக்கு நோவுல நித்திரை வராது.”

வீடு வந்து சேரும்வரை ஜபார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “வேற ஆள் இல்ல. நான்தான்.”

மபாஸா கற்பிட்டிக்கு அப்பால் கண்டக்குளியில் ஒரு கொட்டகையில் கைட் தைப்பவள். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் சறுக்குவார்கள்; கிழிந்தால் அவளிடம் வரும். எந்தத் துணியும் சும்மா கிழியாது. எங்கேயோ இழுபடுகிற இடம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஒட்டுப் போட்டால் மறுநாளும் கிழியும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். சுளகில் அரிசியை எடுத்துக்கொண்டு ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்தது. ஜபார் பட்டியோடு ஹாலில் நடந்துகொண்டிருந்தார். கேற் திறக்கும் சத்தம் கேட்டது. இடது கையால் கொக்கியைத் தட்டினார். பட்டி கழன்றது. அதைக் கதிரைக்குப் பின்னால் எறிந்தார். எல்லாம் ஒரு நொடி.

வந்தவர் மீன் வாடிக்காரர். சலாம் சொல்லிக்கொண்டே ஜபாரின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். குலுக்கினார். விடாமல் தன் பக்கம் இழுத்து, “எப்பிடி ஜபார் நானா, இப்ப சுகமா?” என்றார். சுகம் என்றதும் இன்னொரு தரம் குலுக்கினார். போகும்போதும் குலுக்கினார்.

அஸர் தொழுகைக்குள் ஒன்பது பேர். மஃரிபுக்குள் பதினேழு. கற்பிட்டியில் ஜபார் கழற்றிப் பூட்டாத படகு எஞ்சின் இல்லை. அவரைப் பார்க்க வராவிட்டால் அவரவர் மனசு கேட்காது.

மபாஸா சுளகைக் கீழே வைத்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“உம்மா, புடிச்சிட்டன். ஊரே சலாம் குடுத்துக் குடுத்துத்தான் வாப்பாட தோளை இறக்கியிருக்கு.”

உம்மா லெய்லா தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அதுக்கு? வாற மனிசருக்கு இடது கையை நீட்டச் சொல்றியா?”

“கையை நீட்டவே வேணாம். பட்டியைக் கழட்டாம இருந்தாக் காணும்.”

“அதைப் போட்டா ஏணையில போட்ட புள்ள மாதிரி இரிக்கி,” என்றார் ஜபார். “எல்லாரும் பாவம் பாப்பாங்க.”

“பாவம் பாத்தாப் பாக்கட்டும். தோள் இறங்கினா என்ட நிக்காஹ்ல நீங்க பக்கத்துல இருந்து வேடிக்கைதான் பாக்கணும்.”

ஜபார் கதிரைக்குப் பின்னால் கிடந்த பட்டியை எடுத்து மாட்டினார்; அதற்குப் பிறகு கேற் திறந்தாலும் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் பெரியவாப்பா பதுர்தீன் வந்தார். ஜபாரின் நானா, கூடப்பிறந்த மூத்தவர். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் சமையற்சட்டி முதல் கதிரை வரை அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கும்.

“தம்பி, நீ கஷ்டப்படாத. உன்ட பொறுப்பை எனக்குத் தா. நான் புடிச்சுக் குடுக்கிறன். மார்க்கத்துல அதுக்கு இடமிரிக்கி.”

இடம் இருந்தது. அதுதான் வில்லங்கம். அவர் கேட்டதில் யாரும் பிழை சொல்ல முடியாது.

“புதன் வரைக்கும் பாப்பம் நானா,” என்றார் ஜபார். குரல் இறங்கியிருந்தது.

மபாஸா அன்றே கொட்டகைக்குப் போனாள். கைட் ஓடுபவர்கள் இடுப்பில் கட்டும் பட்டி ஒன்று பழசாகிக் கிடந்தது. ஆளைத் தூக்கிப் பறக்கும் காற்றையே தாங்குகிற நாடா அது. ஆஸ்பத்திரிப் பட்டி கழுத்தில் தொங்குகிறது, கையை மடக்கி நெஞ்சோடு சேர்க்கிறது. வாப்பாவுக்கு வேண்டியது வேறு. தோள் மேலே நிற்க வேண்டும், கை முன்னால் நீள வேண்டும்.

முதல் பட்டி கழுத்தை அறுத்தது. இரண்டாவது, மெலிந்துபோன கையில் நிற்காமல் வழுக்கி முழங்கைக்கு வந்தது. மூன்றாவதில் முழங்கைக்கு மேலே அகலமான ஒரு சுற்று வைத்தாள். அதிலிருந்து நாடாவை முதுகில் குறுக்கே எடுத்து இடது அக்குளைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தாள். உள்ளே மெத்தென்ற துணி. எல்லாம் சேர்ட்டுக்கு உள்ளே. வெளியே ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை இசபெல் மிஸ் விரலை வைத்தார். ஒரு விரல் போனது. இரண்டாவதை வைத்துப் பார்த்தார். போகவில்லை.

“இது யார் தைச்சது?”

“நான்தான் மிஸ்.”

“முழங்கையைத் தாங்கி அவர்ட கையை முன்னால நீட்டுங்க, பாப்பம். ஓம். நோகல்லதானே?” இசபெல் பட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். “உட்காரக்குள்ள இதையும் கழட்டணும், மறக்க வேணாம். நிக்காஹ்வுக்குச் சம்மதம். ஆனா முழங்கை தலையணைல இருக்கணும். மாப்பிள்ளை இழுக்கப்படாது, ஆட்டப்படாது. கீழ இருந்து தாங்கிப் புடிக்கணும். முட்டையைப் புடிக்கிற மாதிரி.”

ஆட்டோவுக்குள் ஏறியதுமே மபாஸா மாப்பிள்ளை முஸம்மிலுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். அவன் கரைத்தீவுப் பையன், நுரைச்சோலையில் வேலை. மாலையில் ஒரு படம் வந்தது. அவனுடைய நானா கையை நீட்டியிருக்கிறார். அந்தக் கையில் ஒரு முட்டை. அதன்மேல் முஸம்மிலின் கை.

“ரெண்டு முட்டை உடைஞ்சிட்டு,” என்று எழுதியிருந்தான். “மூணாவது தப்பிட்டு. உம்மா ஏசுறா.”

மபாஸா அதை வாப்பாவுக்குக் காட்டினாள். “நல்ல புள்ளதான்,” என்றார் ஜபார். பத்து நாளில் அன்றுதான் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டது.

கேற் திறந்தது. ஜபார் புதுப் பட்டியைச் சேர்ட்டுக்குள் போட்டபடி நின்றார். வாடிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மாஷா அல்லாஹ். பட்டியெல்லாம் கழண்டுட்டுது.” சந்தோஷம் தாங்காமல் கையைப் பிடித்து உலுக்கினார். அடுத்தவர் அதைவிட உலுக்கினார். சுகமான மனிதனைக் குலுக்குவதற்கு என்ன தயக்கம்? நாலாவது ஆளுக்கு ஜபாரின் உதடு வெளுத்தது. மபாஸா ஓடிவந்து அவரைக் கதிரையில் இருத்தினாள். தோளைத் தொட்டாள். ஒன்றரை விரல்.

நிக்காஹ்வுக்கு இன்னும் இரண்டு நாள். அன்றைக்கு இருநூறு ஆண்கள் வருவார்கள். இருநூறு சலாம்.

மறைத்ததுதான் பிழை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. பட்டி தோளைத் தாங்கும். ஆட்களின் கையைத் தடுக்க வேண்டுமானால் அது கண்ணில் பட வேண்டும்.

சனிக்கிழமை கொட்டகையில் கிழிந்த மஞ்சள் கைட் ஒன்றை விரித்தாள். கடலில் ஒரு மைலுக்கு அப்பாலும் தெரிகிற மஞ்சள். அதை வெட்டிப் பட்டியின் மேல் உறையாகத் தைத்தாள். கைச் சுற்றுக்கு, முதுகு நாடாவுக்கு, மார்பில் வருகிற நாடாவுக்கு. பின்னேரம் வாப்பாவின் முன்னால் வைத்தாள்.

“சேர்ட்டுக்கு மேலால,” என்றாள்.

ஜபார் பட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “நான் என்ன கைட்டா?”

“நாளைக்கு மட்டும்.”

“வெள்ளை உடுப்புக்கு மேலயா?”

“ஓம்.”

ஜபார் பட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்று பின்னேரமே பதுர்தீன் தன் ஜிப்பாவை அயர்ன் போடக் கொடுத்தது மபாஸாவின் காதுக்கு வந்தது.

ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். முற்றத்தில் பந்தல். மபாஸாவை அலங்கரித்து அறைக்குள் இருத்தியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. ஜன்னல் சீலையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி நின்றாள். பந்தலின் நடுவில் பாயும், பாயில் தலையணையும் இருந்தன. ஒரு பக்கம் மௌலவி. எதிரே முஸம்மில், கையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தான். பதுர்தீன் புது ஜிப்பாவில், தலையணைக்குப் பக்கத்தில்.

வாப்பா இல்லை.

“எங்க உம்மா?”

“உள்ளதான். கதவைச் சாத்திக்கொண்டார். என்னையும் விடல்ல.”

பந்தலில் பதுர்தீன் மணிக்கூட்டைப் பார்த்தார். மௌலவியின் காதில் ஏதோ சொன்னார். மௌலவி தலையாட்டினார். பதுர்தீன் சட்டைக் கையை மடித்தார்.

ஹால் கதவு திறந்தது.

வெள்ளை ஜிப்பாவுக்கு மேல் மஞ்சள். ஒரு கையால் தானே கட்டியிருந்ததால் மார்பு நாடா கொஞ்சம் கோணலாக இருந்தது. ஜபார் படியில் நின்றார். வாடிக்காரர் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார். மஞ்சளைக் கண்டார். கைகள் நடுவழியில் நின்றன. பிறகு வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துச் சலாம் சொன்னார். பின்னால் இருந்தவரும் நெஞ்சில் வைத்தார். வரிசை வரிசையாகக் கைகள் நெஞ்சுக்குப் போயின. ஜபார் இடது கையை நெஞ்சில் வைத்து எல்லாருக்கும் பதில் சலாம் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒருவரும் அவரைத் தொடவில்லை.

“என்னடா இது, மஞ்சளா?” என்றார் பதுர்தீன்.

“என்ட மகள் தைச்சது,” என்றார் ஜபார். “கொஞ்சம் நகருங்க நானா.”

பதுர்தீன் நகர்ந்தார். தம்பி உட்காரத் தோள் கொடுத்தார். தலையணையைத் தானே தட்டிச் சரி செய்தார். முழங்கை அதில் அமர்ந்தது. பதுர்தீன் பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முஸம்மிலின் கை கீழிருந்து வந்தது. ஜபாரின் விரல்கள் மெல்ல மடங்கின. ஒன்று. இரண்டு. ஐந்தும் மடங்கிவிட்டன. மௌலவி சொல்லச் சொல்ல, ஜபார் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என்ட மகள் மபாஸாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன். முஸம்மில் ஏற்றுக்கொண்டேன் என்றான். குரல் உடைந்தது. கை அசையவில்லை.

துஆ ஓத எல்லாரும் கை ஏந்தினார்கள். முஸம்மில் ஏந்தவில்லை. அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இனி விடலாம் மகன்,” என்றார் மௌலவி.

முஸம்மில் ஜபாரைப் பார்த்தான். பதுர்தீனைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. எப்படிப் பிடிப்பது என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படி விடுவது என்று யாரும் சொல்லவில்லை. மபாஸாவும் சொல்லவில்லை.

அவள் சீலையை முழுக்க விலக்கினாள். உம்மா கையைப் பிடிப்பதற்குள் வாய் முந்திவிட்டது.

“மத்தக் கையை முழங்கைக்குக் கீழ குடுங்க. தாங்கி, அப்பிடியே மெதுவாத் தலையணைல வைங்க. போட வேணாம், வைங்க.”

இருநூறு தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. யாரோ சிரிக்கத் தொடங்க, பந்தல் முழுவதும் சிரித்தது. அவன் கணவனானபின் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. முஸம்மில் சிரிக்கவில்லை. அவள் சொன்னபடியே, முட்டையை இறக்குவதுபோல, அந்தக் கையைத் தலையணையில் இறக்கி வைத்தான்.