நாற்பத்தொன்றாம் எண்ணின் வால்வு

எக்கோ கருவியை அந்த மனிதரின் இடது மார்பில் வைத்ததும் திரையில் தெரிந்ததைப் பார்த்து, ஆளை மாற்றிப் படுக்க வைத்துவிட்டோமோ என்றுதான் தஸ்லிமா முதலில் நினைத்தாள்.

ஜொகூர் பாருவிலுள்ள ஓர் இதய மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எக்கோ எடுப்பது அவள் வேலை. நெஞ்சைத் திறக்காமல், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்தி இதயத்தில் புது வால்வு வைக்கிறார்கள் அல்லவா, அப்படி வைத்த வால்வுகள் எத்தனை வருஷம் தாங்குகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதில் சேரத் தகுதியிருக்கிறதா என்று பார்க்க அன்று காலை காஹாங்கிலிருந்து வந்திருந்தார் வீரமுத்து. வயது அறுபத்தாறு. மூச்சு வாங்குகிறது, இதுவரை இதயத்துக்குச் சிகிச்சை எதுவும் எடுத்ததில்லை என்று கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார்.

திரையிலோ, வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பிக்கூடு வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஐயா, இதுக்கு முன்னாடி உங்க ஹார்ட்ல ஏதாச்சும் வச்சாங்களா?"

"இல்லையே மிஸ்ஸி."

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவகூட இல்ல."

கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஆனால் திரையின் ஓரத்தில் எழுபத்திரண்டாக இருந்த நாடித்துடிப்பு, அவள் கேட்ட மாத்திரத்தில் நூற்றுப் பத்துக்கு ஏறியது.

தஸ்லிமா மேற்கொண்டு கேட்கவில்லை. படங்களை எடுத்து முடித்து, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். துணைக்கு வந்திருந்த அம்மாள் எழுந்து அவருக்குச் சட்டை மாட்டிவிட்டார். அண்ணி என்று பதிவேட்டில் இருந்தது. பெயர் வெள்ளையம்மா, ஊர் ரெங்கம்.

அறைக்குத் திரும்பியவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கூட்டை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்றாலும், கடந்த மூன்று மாதமாக ஆராய்ச்சியின் பழைய எக்கோ படங்களையெல்லாம் மறுபடி அளந்துகொண்டிருந்தாள். அந்தப் படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முகம் தெரியாத அத்தனை பேரின் இதயமும் அவளுக்குத் தெரியும். கூட்டின் அடியில் உடைந்த அரிசி மாதிரி ஒரு சுண்ணாம்புத் துணுக்கு. அதை ஒட்டி வளைந்து கசியும் ரத்தம், பூனைவால் மாதிரி. இந்த இரண்டும் சேர்ந்திருந்த இதயம் ஒன்றே ஒன்றுதான்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். துணுக்கு அதே இடத்தில். வால் அதே வளைவில். பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்தொன்றாம் எண். நிலை: இறந்துவிட்டார்.

அலமாரிச் சாவியை வாங்கிக் கோப்பைத் திறந்தாள். ஐயாசாமி, ரெங்கம். ஆறு வருஷத்துக்கு முன் வால்வு வைத்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்ச் ஒன்பதாம் தேதி மரணம். சர்க்கரை நோய், காலில் புண், ரத்தத்தில் விஷம் கலந்தது. சர்டிபிகேட் நகல் இருந்தது. அடையாள அட்டையான ஐசியின் நகலும் இருந்தது. ஜெராக்ஸில் கறுத்துப்போன அந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம்.

அதற்கு அடுத்த தாளைப் புரட்டியவள், சர்டிபிகேட்டின் தேதியை மறுபடி ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு முன்பு இருந்தவர் கைப்பட எழுதிய தொலைபேசிக் குறிப்பு அது. மார்ச் இருபது. 'நோயாளியிடம் பேசினேன். நன்றாக இருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.'

செத்துப் பதினொரு நாள் கழித்து.

குர்ஆனில் வரும் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை மனசுக்குள் ஓதிக்கொண்டே டாக்டர் ஷாமளாவின் அறைக்குப் போனாள். ஆராய்ச்சியை நடத்துபவர் அவர்தான். இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஹார்ட்தான். சந்தேகமே இல்ல. உள்ள வச்ச வால்வு கிழிஞ்சிருக்கு தஸ்லிமா, அதான் மூச்சு வாங்குது. பழசுக்குள்ள புதுசு வைக்கணும். சீக்கிரமா."

"வச்சிரலாமா டாக்டர்?"

"பழைய வால்வு என்ன மாடல், என்ன சைஸுன்னு சரியா தெரியணும். சிடி ஸ்கேன் எடுத்தா கிட்டத்தட்ட சொல்லலாம். கிட்டத்தட்ட போதாது. அளவு தப்பினா ஆள் டேபிள்லயே போயிருவாரு."

"அந்த சைஸ் ஃபைல்ல இருக்கே."

"அது செத்துப்போனவர் ஃபைல். அதப் பாத்து இவருக்கு வச்சேன்னு நான் எப்படி எழுதுறது? அது தன்னோடதுன்னு அவரு வாயால சொல்லணும்லா."

தஸ்லிமா திரும்பி வந்து கோப்பின் முன் உட்கார்ந்தாள். அவரிடம் மறுபடி கேட்டால் மறுபடி இல்லை என்பார். முதல் பக்கத்தில் ஐயாசாமியின் கைத்தொலைபேசி எண் இருந்தது. ஏன் அதை அழுத்தினாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை. யாரும் எடுக்கமாட்டார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் இருக்க வேண்டும்.

மணி அடித்தது. அவள் காதில் மட்டுமல்ல, மூடிய கதவுக்கு அப்பால் நடைபாதையிலும் அடித்தது. கையிலிருந்த போனைக் காதிலிருந்து எடுத்தாள். வெளியே மணி நிற்கவில்லை. பிறகு நின்றது.

"யாரு?" என்றது போனில் ஒரு குரல். கதவுக்கு அப்பாலும் அதே குரல், ஒரு நொடி முந்தி.

கோப்பிலிருந்த பெயரைப் படித்தாள். "ஐயாசாமி ஐயாவா?"

கதவுக்கு அப்பால் பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஆமா மிஸ்ஸி," என்றார் வீரமுத்து.

அவள் கதவைத் திறந்தாள். போனைக் காதில் வைத்தபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஐயாசாமி என் அண்ணன்," என்று ஆரம்பித்தார். "ஒரு வருஷம் மூத்தவரு. அவருக்குத் தோட்டத்து ஆபீஸ்ல சொல்லி பொறந்த சூராட் எடுத்தாங்க. நான் பொறக்குறப்ப அப்பா இல்ல, யாரும் போகல. சூராட் இல்லன்னா ஐசி இல்ல. ஐசி இல்லன்னா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? மூச்சு நின்னுரும் போல இருந்தப்ப அண்ணன் தன் ஐசியக் கையில வச்சாரு. எம்பேரச் சொல்லிட்டுப் போடா, ரெண்டு பேரு மூஞ்சியும் ஒண்ணுதானேன்னாரு."

"போனும் அவரோடதா?"

"அவரு பேர்ல என் போன். இங்கேர்ந்து கூப்பிட்டா எங்கிட்ட வரணும்ல."

"அவரு இறந்ததுக்கப்புறம் இங்கேர்ந்து பேசினாங்களே."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"கருமாதிகூட முடியல. எதிர்ல அண்ணன் படம் மாலையோட இருக்கு. 'ஐயாசாமி எப்படி இருக்கீங்க'ன்னாங்க. என்னத்தான கேக்குறாங்க? நல்லா இருக்கேன்னுட்டேன். சொல்லி முடிச்சதும் படத்தப் பாக்க முடியல மிஸ்ஸி. அன்னிலேர்ந்து அந்த வீட்டுல நான் தங்குறதில்ல. காஹாங்குக்குப் போய்ட்டேன்."

"அடுத்த தடவ போன் வந்தப்ப இவரு என்னப் பாக்க வந்திருந்தாரு, நாந்தான் புடுங்கிப் பேசினேன்," என்றார் வெள்ளையம்மா. "அவரு செத்துட்டாருன்னு சொன்னேன், சர்டிபிகேட்டும் அனுப்பி வச்சேன். பொய்யில்லையே. போன மனுசன் பேர்ல இன்னொரு தடவ யாரும் வாயத் தொறக்க வேணாம்னு இருந்துச்சு."

போன வருஷம்தான் வீரமுத்துவுக்குச் சொந்தப் பெயரில் குடிமகனுக்குரிய நீல ஐசி கிடைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் இல்லை, இல்லை என்றிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார்.

"இத வாங்க மாட்டோம் ஐயா," என்றாள் தஸ்லிமா. சொன்னாளே தவிர, அது நிச்சயமா என்று அவளுக்கும் தெரியாது.

டாக்டர் ஷாமளா நடந்தது அத்தனையையும் ஆராய்ச்சியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். பத்தாம் நாள் பதில் வந்தது. சிகிச்சையை முதலில் பாருங்கள், பதிவைத் திருத்துங்கள், நோயாளியின் விவரம் மையத்தைத் தாண்டிப் போக வேண்டாம். ஆறே வருஷத்தில் கிழிந்த ஒரு வால்வு இத்தனை நாள் இறந்தவர்களின் கணக்கில் மறைந்து கிடந்தது என்பது ஆராய்ச்சிக்குப் பெரிய விஷயம். பதிவைத் திருத்துவதுதான் எளிதாக இல்லை. இறந்த தேதிக்குப் பிந்திய வருகையை ஏற்க முடியாது என்று கணினி மூன்று தடவை சிவப்பில் காட்டியது. தஸ்லிமா அந்தத் தேதியை அழித்துவிட்டு 'உயிருடன் இருக்கிறார்' என்பதை அழுத்தினாள். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

வெள்ளையம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப, எங்க வீட்டுக்காரர் செத்தது?"

"அது அரசாங்கப் பதிவு. அப்படியே இருக்கும்மா."

"இருக்கட்டும்," என்றார். "அவரு எங்கயாச்சும் இருக்கணும்ல."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வீரமுத்துவை மேசையில் படுக்க வைத்தார்கள். தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி, லேசான மயக்கம். கதீட்டர் மேலேறி, புது வால்வு பழைய கூட்டுக்குள் போய் நின்றது. அதை விரிக்கும்போது ரத்த ஓட்டம் அதைத் தள்ளிவிடாமலிருக்க, இதயத்தைச் சில நொடிகள் கண்டபடி வேகமாகத் துடிக்க வைப்பார்கள். அப்போது ரத்தம் வெளியே போகாது. அழுத்தத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

கோடு படுத்தது. ஆறு, ஏழு என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். எக்கோ கருவியோடு தலைமாட்டில் நின்ற தஸ்லிமா அதைப் பார்த்தாள். போர்த்தியிருந்த துணிக்கு அடியில் வீரமுத்துவின் உடம்பு மெல்ல அரை சாண் இடதுபக்கம் நகர்ந்தது.

"ஆடாதீங்க," என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். கையை அப்படியே பிடித்து நிறுத்தி, வால்வு நழுவாமல் விரித்து முடித்தார். பன்னிரண்டாவது நொடியில் கோடு மறுபடி எழுந்தது. அளவு கச்சிதமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து எக்கோவுக்கு வந்தபோது வீரமுத்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். வால்வு அழகாகத் திறந்து மூடியது. தஸ்லிமா படிவத்திலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூச்சு? வாங்கல. நெஞ்சுவலி? இல்ல. மயக்கம்? இல்ல.

"அன்னிக்கு டேபிள்ல ஏன் ஐயா நகர்ந்தீங்க? டாக்டர் பயந்துட்டாங்க."

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"சின்ன வயசுல தோட்டத்து லயத்து வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே பாய்தான் மிஸ்ஸி. நான் குறுக்க படுத்துருப்பேன். அண்ணன் லேட்டா வந்து தோள்ல தட்டுவாரு, நகர்ந்து படுடாம்பாரு. அன்னிக்கும் தட்டுனாரு. நகர்ந்தேன்."

"எந்தத் தோள்ல?"

வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

அன்று அந்தத் தோளருகே யாரும் இல்லை. எக்ஸ்ரே இயந்திரத்துக்காக அங்கே இடம் விட்டிருந்தார்கள். தஸ்லிமா அவர் மார்பிலிருந்த பசையை டிஷ்யூவால் துடைத்து, எழுந்திருக்கக் கை கொடுத்தாள். படிவத்தில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போன பிறகும் அடுத்த நோயாளியைக் கூப்பிட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.